கால்களுக்குக் குறி வைத்தவர்

2024 ஒக்ரோபர் 7, திங்கள். மாலை 5.05, வெள்ளவத்தை, வகுப்பறை.

இன்றைய பிழை: அப்பாவைப் பற்றிய கட்டுரையில் "குறி தவறாத வேட்டைக்காரர்" என்று எழுதியிருக்கிறேன். அப்படி எனக்கு யாரும் சொல்லவில்லை. வேட்டைக்காரர் என்று எழுதியதும் மற்றச் சொல்லைக் கை தானாகச் சேர்த்துக்கொண்டது.

மொழிபெயர்ப்பு வகுப்பில் ஆசிரியை எங்களுக்குத் தந்த முதல் வேலை இந்த நாட்குறிப்பு. முதலில் ஒரு பிழை, பிறகு மற்றவை. கூடப் படிப்பவர்கள் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டார்கள். நான் ஆறு மாதமாக எழுதுகிறேன். பிழை கிடைக்காத நாள் இன்னும் வரவில்லை.

அப்பா கிளெமென்ற் செப்ரெம்பர் 13ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, மாரடைப்பால் இறந்தார். எழுபத்திரண்டு வயது. வரும் ஞாயிறு முப்பத்தோராம் நாள் பூசை. வருபவர்களுக்குக் கொடுக்க நாலு பக்க நினைவு மடல் அச்சிட வேண்டும். அதில் ஒரு பக்கம் அவருடைய வாழ்க்கை. அண்ணா றெஜி மிலானில் இருக்கிறான், லீவு இல்லை. "நீதானே தமிழ் படிக்கிறாய், நீயே எழுது" என்று சொல்லிவிட்டான். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

இதுவரை எழுதியவை: 1952இல் கொச்சிக்கடையில் பிறந்தார். துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் பாரந்தூக்கி இயக்கினார். 1985இல் டோரினை மணந்தார். ஒரு மகன், பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு மகள். 2014இல் மனைவியை இழந்தார். எல்லாம் ஒரு கோப்புக்குள் இருந்த கடதாசிகள் சொன்னவை.

எனக்கே தெரிந்தவை குறைவு. அம்மா இறந்தபோது எனக்குப் பதினான்கு வயது. அன்றிலிருந்து பள்ளிக்கூடச் சட்டையை அப்பாதான் அயர்ன் செய்தார். தலையும் அவர்தான் பின்னிவிட்டார். றிபனைத் தூண்டில் முடிச்சாகப் போடுவார். பின்னேரம் அதை அவிழ்க்க முடியாது, கத்தரிக்கோலால் வெட்டுவோம். கிழமைக்கு இரண்டு றிபன் போகும். எதிர் வீட்டு பிறெடி அங்கிளோடு கடைசி ஐந்து வருடம் கதைக்கவில்லை. காரணம் தெரியாது. மடலில் போடக்கூடிய விஷயமும் இல்லை.

வேட்டையும் மீன்பிடியும் நான் காணாதவை. நான் பிறக்க முன்பே காட்டுக்குப் போவதை விட்டுவிட்டார். சனிக்கிழமை விடியத் தூண்டிலோடு பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போவார், பத்து மணிக்குத் திரும்புவார். என்னைக் கூட்டிக்கொண்டு போனதில்லை. நானும் கேட்கவில்லை.

அவருடைய தொலைபேசியை நான்தான் நிறுத்தி அலுமாரிக்குள் வைத்திருந்தேன். இன்று காலை சார்ஜ் பண்ணித் திறந்தேன். செப்ரெம்பர் 14, சனிக்கிழமை, காலை 5.50இலிருந்து 8.15 வரை யாரும் எடுக்காத ஒன்பது அழைப்புகள். எல்லாம் "நானா" என்ற ஒரே பெயர். அந்த நேரம் அப்பா பிணவறையில் இருந்தார்.

நானா என்பது ஹுசைன் அங்கிள். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் அந்தச் சொல்லால்தான் அப்பா அவரை அழைப்பார். வெள்ளவத்தையில் துணிக்கடை வைத்திருந்தவர், அப்பாவை விட இரண்டு வயது மூத்தவர். அப்பாவோடு காட்டுக்குப் போனவர்களில் இப்போது உயிரோடு இருப்பவர் அவர் மட்டும்தான். ஐந்து வருடமாக எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. மரண வீட்டுக்கும் வரவில்லை. மயான வாசலில் ஒரு மரத்தடியில் நின்றதைக் கண்டேன். நான் கிட்டப் போவதற்குள் போய்விட்டார்.

மதிய இடைவேளையில் அலுவலகப் படிக்கட்டில் இருந்து அவருக்கு எடுத்தேன். அப்பாவின் தொலைபேசியிலிருந்தே எடுத்துவிட்டேன். அது இன்றைய இரண்டாவது பிழை. 

"கிளெமென்ற்?" என்றார்.

"இல்ல அங்கிள். நான் ரொஷேல். மகள்."

"ஆ. ஓ. மகளா." இருமினார். "செல்லுங்க மகள்." சொல்லுங்க என்பது அவருடைய வாயில் அப்படித்தான் வரும்.

மன்னிப்புக் கேட்டேன். கட்டுரையைப் பற்றிச் சொல்லி, எழுதிய பந்தியை வாசித்தேன். "குறி தவறாத" என்ற இடத்தில் அவர் சிரித்தார். வயதானவரின் சிரிப்பு, நடுவில் இருமலாக மாறியது.

"ஆரு செல்லின ஒங்களுக்கு?"

"ஒருத்தரும் சொல்லேல்ல அங்கிள். நானே எழுதினது."

"அப்ப அத வெட்டுங்க. வகுப்புக்கு வெள்ளவத்தைக்குத்தானே வார? ஒங்கட அப்பா செல்லியீக்கிறார். புதங்கெழம ஊட்டுக்கு வாங்க."

வருவதாகச் சொன்னேன். போக எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒக்ரோபர் 8, செவ்வாய். மதியம், அலுவலகம்.

இன்றைய பிழை புதிதல்ல. ஐந்து வருடப் பழையது. இதுவரை எங்கும் எழுதவில்லை.

2019 ஜூன் 5, நோன்புப் பெருநாள். உயிர்த்த ஞாயிறன்று முஸ்லிம் தீவிரவாதிகள் தேவாலயங்களில் குண்டு வெடிக்க வைத்து ஆறு வாரம் கடந்திருந்தது. எங்கள் தொடர்மாடியிலிருந்து, அவற்றில் ஒன்றான கொச்சிக்கடைக் கோவிலுக்கு நடந்தே போகலாம். கீழ் மாடியில் ஒரு வீட்டில் தாயும் மகளும் அந்தக் குண்டில் இறந்திருந்தார்கள். அந்த வீட்டு வாசலில் இன்னும் வெள்ளைக் கொடி கட்டியிருந்தது.

மத்தியானம் நான் தனியே இருந்தேன். அப்பா மருந்து எடுக்கப் போயிருந்தார். கதவு தட்டப்பட்டது. திரைச்சீலை ஓரத்தால் பார்த்தேன். ஹுசைன் அங்கிள். வெள்ளைச் சேட், தொப்பி, கையில் அடுக்குச் சாப்பாட்டுப் பெட்டி. ஒவ்வொரு பெருநாளுக்கும் அதில் வட்டிலப்பம் என்ற இனிப்பு வரும். நான் தவழ்ந்த காலத்திலிருந்து வருகிறது.

அவரில் எனக்குப் பயமில்லை, அவர் எங்கள் வீட்டுக்குள் வருவதை மற்ற வீட்டார் பார்ப்பார்கள் என்பதில்தான் பயம் என்று இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லிவந்திருக்கிறேன். அது முழு உண்மையா என்று தெரியவில்லை. அன்றைக்கு அவரிலும் கொஞ்சம் பயந்திருக்கலாம்.

வீட்டில் ஆள் இருப்பது தெரியக்கூடாது என்று மின்விசிறியை நிறுத்தினேன். மூன்று தரம் தட்டினார். ஒருதரம் "கிளெமென்ற்" என்று கூப்பிட்டார். பிறகு படியிறங்கும் சத்தம். மூன்று மாடியையும் மெதுவாக இறங்கினார். முற்றத்தைத் தாண்டிப் பெட்டியோடு திரும்பிப் போனதை மேலிருந்து பார்த்தேன்.

அப்பா வந்து, "பெருநாள், நானாவக் காணேல்லயே" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு ஹுசைன் அங்கிள் எங்கள் வீட்டுக்கு வந்ததேயில்லை.

நாளை அவர் வீட்டுக் கதவை நான் தட்ட வேண்டும். முதல் வேலையாக இதைச் சொல்ல வேண்டும். ஞாயிறு பூசைக்கு வரச் சொல்லவும் வேண்டும். அவர் வராவிட்டால், அப்பாவோடு காட்டில் நின்றவர் என்று அன்றைக்கு அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

ஒக்ரோபர் 9, புதன். மாலை 5.40, வகுப்பறை. பத்து நிமிடம் பிந்தி வந்தேன்.

இன்றைய பிழை: சொல்லவில்லை.

கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி ஸீனத் அன்ரி. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மெலிஞ்சி பெய்த்தீங்க. ஆக்கித் தின்றல்லயா?"

"சமைக்கிறனான் அன்ரி."

"ஒத்த ஆளுக்கு ஆக்கிற சோறு ருசிக்காது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஹுசைன் அங்கிள் சாய்மனைக் கதிரையில் இருந்தார். முழங்காலில் கட்டு. நான் வாயைத் திறக்க முன்பே கதைக்கத் தொடங்கிவிட்டார். ஒரு மாதமாகக் கதைக்க ஆள் இல்லாமல் இருந்தவர் போல இருந்தது. நான் கொப்பியை எடுத்தேன். எழுதிக்கொண்டிருந்தால் சொல்லத் தேவையில்லை.

புத்தளத்துக்கு அங்கால் அவருடைய மாமாவின் தென்னந்தோட்டம். துவக்கும் அதைச் சுடுவதற்கான லைசன்ஸும் மாமாவுடையவை. மாதம் ஒருதரம் ஐந்து பேர் போவார்கள். நாலு பேர் கிறிஸ்தவர்கள், இவர் மட்டும் முஸ்லிம். அப்பாவுக்குக் கண் கூர்மை. ஐந்து பேரில் நல்ல வெடிகாரர் அவர்தான்.

"அப்ப ஏன் அங்கிள் சிரிச்சீங்க?"

"அவர் நெஞ்சில வெடி வெச்சா மான் அந்த இடத்திலேயே மௌத்து. மௌத்தானத நான் தின்ன ஏலா. உசிர் போக முந்தி பிஸ்மி செல்லி அறுக்கணும். அதால ஒங்கட அப்பா காலுக்குத்தான் வெடி வைப்பார். பின்னங் காலுக்கு. அது உழும், நான் கத்தியோட ஓடுவேன்."

"ஒவ்வொரு முறையுமா?"

"நான் போன நாளையில எல்லாம். மத்தவனுகள் சிரிப்பானுகள். 'கிளெமென்ற், நீ மானுக்குச் சுடுறியா செருப்புக்குச் சுடுறியா' எண்டு கேப்பானுகள். காலுக்கு வெக்கிறது கஷ்டம் மகள். நெஞ்சு பெரிசு, கால் சின்னது. பத்தில நாலு தப்பும். அதால அவருக்கு வெடி தெரியாது எண்டு பேர் உழுந்திச்சு. அவர் ஒண்டும் செல்லல்ல."

அங்கிள் கத்தியோடு போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டால், அன்றைக்கு அப்பாவும் அந்த இறைச்சியைத் தொடமாட்டாராம். இரண்டு பேரும் தனியே பாணும் பருப்பும் சாப்பிடுவார்களாம்.

சனிக்கிழமைகளைப் பற்றிக் கேட்டேன். றெயில் பாதைக்கு அங்கால் உள்ள கற்களில் இருவரும் நாற்பது வருடத்துக்கு மேல் தூண்டில் போட்டிருக்கிறார்கள். பிடிபட்டதைச் சரி பாதியாகப் பிரிப்பார்கள். ஒருவர் இரண்டு குவியலாக வைப்பார். மற்றவர் கடலைப் பார்த்துத் திரும்பி நின்று, எந்தக் குவியல் யாருக்கு என்று சொல்வார். அப்பா மூன்று மீனோடு வீட்டுக்கு வருவதைப் பார்த்து, "உந்தத் தூண்டில வித்துப்போட்டு டின் மீன் வாங்குங்கோ" என்று றெஜி பகிடி பண்ணுவான். அது பாதிப் பங்கு என்று எங்களுக்குத் தெரியாது.

"கடைசிச் சனிக்கெழம நான் கல்லுல நிண்டு ஃபோன் எடுத்தேன். மொதல்ல கோவம், பிந்திட்டார் எண்டு. ஏழு மணிக்குப் பொறகு கோவம் பெய்த்து. மறுநாள் பேப்பர்ல போட்டோவக் கண்டேன்."

அவருக்கு அறிவிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அதற்கும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. ஞாயிறு பூசைக்கும், பிறகு வீட்டுக்கும் வரச் சொன்னேன். அவர் முழங்காலைத் தடவினார்.

"மூணாம் மாடி மகள். படி ஏற ஏலா."

ஸீனத் அன்ரி வாசலில் நின்று அவரைப் பார்த்தார். நேற்றுத்தான் அவர் மசூதிப் படி ஏறி இறங்கியதாக, நான் கதவைத் தட்ட முன்பு அன்ரி யாருக்கோ தொலைபேசியில் சொன்னது வாசலில் எனக்குக் கேட்டிருந்தது. நான் கொப்பியை மூடிக்கொண்டு எழும்பினேன்.

ஒக்ரோபர் 10, வியாழன். காலை, பஸ்ஸில்.

இன்றைய பிழை: புதிய பந்தியை அங்கிளிடம் அனுமதி கேட்காமல் றெஜிக்கு அனுப்பினேன். அவனுடைய குரல் பதிவு வந்தது.

"ரொஷி, என்னடி இது? கால்ல சுட்டவர், பத்தில நாலு தப்பினது எண்டு போடப் போறியா? சனம் சிரிக்கும். குறி தவறாதவர் எண்டே விடு. ஆர் போய் மானிட்டக் கேக்கப் போறான்?"

அடுத்த பதிவில் குரல் மாறியிருந்தது. "அப்பாவ எனக்கு அப்பிடி நினைக்க ஏலாது. நான் இஞ்ச வேலை செய்யிற இடத்தில அவரப் பற்றிச் சொல்லி வைச்சிருக்கிறன்."

அவன் சொல்லி வைத்திருக்கும் அப்பா ஒருவர், எனக்கு றிபன் கட்டிய அப்பா ஒருவர். வீட்டில் இப்போது கேட்க யாரும் இல்லை. நேற்று வகுப்பு முடிந்து வந்து, மின்விசிறியைப் போட்டுவிட்டு, அதற்குக் கீழே சும்மா இருந்தேன்.

ஒக்ரோபர் 11, வெள்ளி. மாலை 6.20, அச்சகத்துக்கு வெளியே.

இன்றைய பிழை: ஐந்து வருடம் பிந்தியது.

அரைநாள் லீவு எடுத்து மூன்று மணிக்குப் போனேன். இருக்கச் சொல்ல முன்பே, நின்றபடியே சொன்னேன். பெருநாள், கதவு, திரைச்சீலை. அழுதுவிடுவேன் என்று நினைத்தேன். அழவில்லை. மனப்பாடம் ஒப்புவிப்பது போல வந்தது.

ஹுசைன் அங்கிள் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் மகள். நான் தட்டச் செல்லே ஃபேன் ஓடிச்சு. பொறகு நிண்டுச்சு. ஆளில்லாத ஊட்டுல ஃபேன் தானா நிக்காது."

"நான் எண்டு தெரியுமா?"

"ஒங்கட அப்பாவ மருந்துக்கடை வாசல்ல கண்டுட்டுத்தானே வந்தேன். 'மேல போங்க நானா, மகள் ஈக்கிறா, வாரேன்' எண்டார்."

அப்பா அவரை அனுப்பியிருக்கிறார். வந்து, நானாவைக் காணவில்லையே என்று என்னிடம் கேட்டிருக்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அவரிட்ட என்ன சொன்னீங்க அங்கிள்?"

"படியில ஆரோ கொழப்பமாப் பேசினானுகள், திரும்பிட்டேன் எண்டு செல்லினேன். ஆரு எண்டு கேட்டார். மொகம் பாக்கல்ல எண்டேன். பொறகு ஒவ்வொரு பெருநாளும் நத்தாரும் வாங்க வாங்க எண்டு கூப்பிடுவார். முழங்கால் எண்டுவேன்." முழங்கால் கட்டை இழுத்துவிட்டார். "அவருக்கு ஒங்களப் பத்தி ஒரு நினைப்பு ஈந்திச்சு. அத நான் ஒடைக்க ஏலா. ஆனா பொய் செல்லினது செல்லினதுதான். அஞ்சு வருஷம் கல்லுல பக்கத்துல இருந்து செல்லினேன்."

அப்போதுதான் பிறெடி அங்கிள் நினைவுக்கு வந்தார். மூன்றாம் மாடியில் இரண்டே வீடுகள். படியில் பேசியவன் யார் என்று அப்பா தானாகவே முடிவு செய்திருக்கிறார். சாகும்வரை எதிர் வீட்டுக்காரரோடு கதைக்கவில்லை. அதே பிறெடி அங்கிள்தான் அப்பாவின் சவப்பெட்டியின் முன் பக்கத்தைத் தூக்கினார்.

ஸீனத் அன்ரி தேநீர் கொண்டுவந்து வைத்தார். எல்லாம் கேட்டிருக்க வேண்டும்.

குடித்து முடித்தபின், கட்டுரைக்கு என்று, காட்டை ஏன் விட்டார்கள் என்று கேட்டேன். யுத்தத்தால் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"அதுக்கு முந்தியே உட்டாச்சு. ஒரு மானுக்குக் காலுல பட்டுச்சு, உழல்ல. மூணு காலால பத்தைக்குள்ள ஓடிட்டு. ரத்தத்தப் பாத்துப் பாத்துப் பொழுதுபடும் வரைக்கும் தேடினோம். கெடைக்கல்ல. எங்கேயோ கெடந்து செத்தீக்கும். திரும்பி வரச் செல்லே அவர் ஒரு சொல்லுப் பேசல்ல. புத்தளத்துல தேத்தண்ணி குடிக்கச் செல்லே செல்லினார், 'நானா, இனி மீன் பிடிப்பம். மீனுக்குக் கத்தி தேவையில்ல. ஆர் பிடிச்சாலும் ரெண்டு பேரும் தின்னலாம்' எண்டு."

அதை அவர் சொன்ன மாதிரியே எழுதினேன். அவருடைய பெயரைப் போடலாமா என்று கேட்டேன்.

"முழுப் பேரையும் போடுங்க. கடதாசியில படி ஏறத் தேவல்லதானே."

"ஞாயிறு?"

"இல்ல மகள்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "அந்தக் கதவுக்கு முன்னால நிக்க எனக்கு ஏலா. அவர் உசிரோட ஈக்கச் செல்லயே பொறகு நிக்கல்ல."

வாசல்வரை வந்தவர் ஸீனத் அன்ரி.

"மனிசன் வரமாட்டார். நீங்க ஆக்கினா கொண்டு வாங்க. மீன் மட்டும். புதுச் சட்டியில ஆக்கணும். ஒங்கட பன்றி ஆக்கின சட்டியில ஆக்கினா, நான் மூடியத் தொறக்க முந்தியே கண்டுபிடிச்சிருவேன்."

அச்சகத்தில் கொடுத்துவிட்டேன். "குறி தவறாத" வெட்டியாயிற்று. "நண்பரும் உண்ண வேண்டும் என்பதற்காகக் கால்களுக்குக் குறி வைத்தார், அதனால் பல தடவை தவறவிட்டார்" என்று இருக்கிறது. றெஜிக்கு அந்தப் பக்கத்தின் படத்தை அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்று காட்டுகிறது. இன்று வகுப்புக்குப் போகவில்லை.

ஒக்ரோபர் 12, சனி. பின்னேரம் 4 மணி, வீடு.

இன்றைய பிழை: சட்டி வாங்கும்போது மூடி இருக்கிறதா என்று பார்க்கவில்லை. திரும்பிப் போய் வாங்கினேன்.

காலையில் பிறெடி அங்கிளின் கதவைத் தட்டினேன். சாரத்தோடு வந்தார், கையில் பல்தூரிகை. படியில் வைத்தே சொன்னேன். வாய் கொப்பளிக்காமல் முழுவதையும் கேட்டார்.

"அப்ப நான் ஏசினன் எண்டோ கிளெமென்ற் நினைச்சவன்?"

"ஓம் அங்கிள்."

"நான் நினைச்சன், நத்தாருக்கு என்ர வீட்டில பாட்டுச் சத்தம் கூட எண்டு கோவம் எண்டு. ரெண்டு வருசமா ஸ்பீக்கர வெளிய எடுக்கேல்ல." பல்தூரிகையை மற்றக் கைக்கு மாற்றினார். "அவன்ர நானா எண்டா எனக்கும் பழக்கம்தானே. அண்டைக்கு அவர் படி இறங்கிப் போகேக்க நானும் யன்னலால பாத்தனான். நானும் கதவு திறக்கேல்ல." பிறகு, "சரி பிள்ளை," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். மெதுவாகத்தான் சாத்தினார். அவர் மன்னித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

மடல்கள் வந்துவிட்டன. இருநூறு. இரண்டு முறை வாசித்தேன். எழுத்துப் பிழை கிடைக்கவில்லை. அப்பா அதை வாசித்தால் என்ன சொல்வார் என்று நினைத்துப் பார்த்தேன். அவருடைய குரலில் ஒன்றும் வரவில்லை. நான் எழுதிய வரிகளே திரும்ப வந்தன.

புதுச் சட்டியைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

நாளை: ஐந்து மணிக்குப் பேலியகொடை மீன் சந்தைக்குப் போய்ப் பாரை மீன் இரண்டு கிலோ வாங்க வேண்டும். எட்டு மணிக்குப் பூசை. பூசை முடிந்து மண்டபத்தில் எல்லோருக்கும் தேநீர் கொடுத்தபின், பதினொரு மணிக்குள் சமைத்து, பன்னிரண்டு மணி பஸ்ஸில் வெள்ளவத்தைக்குக் கொண்டுபோக வேண்டும்.